இடப்பக்கத்து மானிட்டர்

என் கம்ப்யூட்டரை ஒரு முறை கடன் வாங்கியவர்கள் மறுமுறை கேட்டதில்லை. திறந்தால் ஐகான் ஒன்றும் இருக்காது. மூடுவதற்கு மூலையில் பெருக்கல் குறி இருக்காது. மவுஸ் உண்டு, அதற்கு வேலை கிடையாது. ஒரு விண்டோவைத் திறந்தால் அது திரை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். இன்னொன்று வந்தால் இரண்டும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும். மூன்றாவது வந்தால் அந்தப் பாதியில் பாதி. ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து மறைக்கிற பேச்சே இல்லை. எல்லாவற்றையும் கீபோர்டிலேயே நகர்த்திவிடலாம். லினக்ஸில் இப்படி ஒரு வகை இருக்கிறது. கல்யாணமான புதிதில் இதைப் பார்த்த என் மனைவி, “இது கம்ப்யூட்டரா, உப்பளமா? பாத்தி பாத்தியாக் கட்டி வச்சிருக்கீங்க” என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு உப்பளம் என்றே பேர்.

சென்னையில் இருக்கிற ஒரு கம்பெனிக்குத் தூத்துக்குடியில் வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறேன். மேசையில் லேப்டாப், பக்கத்தில் பெரிய மானிட்டர். கேபிளைச் செருகினால் எந்த விண்டோ பெரிய திரைக்குப் போக வேண்டும், எது லேப்டாப்பிலேயே இருக்க வேண்டும், உருவினால் எல்லாம் எந்த வரிசையில் திரும்ப வேண்டும் என்று நானே உட்கார்ந்து எழுதி வைத்திருந்தேன். செருகியதும் கண் சிமிட்டும் நேரத்தில் அததன் இடத்தில் போய் நிற்கும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைச் செருகியும் உருவியும் காட்டுவேன். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, “நல்லா இருக்கு” என்பார்கள். என்ன நல்லா இருக்கிறது என்று ஒருவருக்கும் புரிந்ததில்லை, என் மனைவியைத் தவிர. பொருட்களை இடத்தில் வைப்பதுதான் அவளுக்குச் சோறு போடும் தொழில்.

துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் முனையத்தில் அவள் பிளானர். வருகிற கப்பலில் எந்தப் பெட்டி எங்கே ஏற வேண்டும் என்று திட்டம் போடுகிற வேலை. அடுத்த துறைமுகத்தில் இறங்க வேண்டிய பெட்டி அடியில் மாட்டக்கூடாது, கனமானது மேலே போகக்கூடாது, எடை ஒரு பக்கமாகச் சேர்ந்து கப்பல் சாயக்கூடாது. நான் நாசரேத் பக்கம், வாத்தியார் வீட்டுப் பிள்ளை. அவள் ஆலந்தலை, கடற்கரைக் கிராமம். அவள் வீட்டில் குரலை இறக்கிப் பேசத் தெரியாது, எங்கள் வீட்டில் ஏற்றிப் பேசத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு இது எப்படியோ தலைகீழாகிவிட்டது. இப்போது கத்துகிறவன் நான்தான். பத்துப் பேர் போனில் அவசரப்படுத்தும்போது ஒரு கப்பலுக்கு நூற்றுக்கணக்கான பெட்டிகளை அடுக்குகிறவளுக்கு, வீட்டில் கத்த என்ன இருக்கிறது?

ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் இடது கையிலிருந்த கப்பைக் கீழே போட்டாள். குனிந்து எடுக்கப் போனவள் எழவில்லை. மூளையின் வலப்பக்கத்தில் ரத்தம் அடைத்துக்கொண்டதாகத் திருநெல்வேலி மருத்துவமனையில் சொன்னார்கள். சீக்கிரமாகக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றும் சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

விழுந்துபோன இடது காலுக்கு உயிர் வந்தது. கையும் மெல்ல வந்தது. பேச்சு போகவே இல்லை. ஐசியுவில் கண் விழித்ததுமே நான் கேஸை அணைத்துவிட்டு வந்தேனா என்று கேட்டாள். போனது வேறு. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோனது. கண்ணில் குறையில்லை, மனசு அந்தப் பக்கம் போவதில்லை என்று பயிற்சி கொடுக்க வந்த பெண் விளக்கினார். வலது காதில் கம்மல் போட்டுக்கொண்டு, முடிந்தது என்று எழுந்துவிடுவாள். எங்கள் ஊர்க் கோயிலில் எல்லாருக்கும் சோறு போடுகிற அசனத்துக்குப் போயிருந்தபோது இலையில் வலது பக்கம் இருந்த சோறும் கறியும் காலியாகிவிட்டன, இடது பக்கத்துக் கூட்டும் ஊறுகாயும் வைத்தது வைத்தபடி இருந்தன. “எனக்கு மட்டும் கூட்டு வைக்காம போறானே” என்று பரிமாறுகிறவரைக் குறை சொன்னாள். நான் இலையைச் சுற்றி வைத்தேன். கூட்டு இருந்தது. அவள் அதையும் என்னையும் பார்த்தாள். பிறகு அதையும் சாப்பிட்டாள்.

பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லாமலிருப்பது நல்லது, ஆனால் சொல்லத்தான் போகிறேன். ஒருவர் எண்ணெய் கொண்டுவந்தார். ஒருவர், ஜெபத்தில் குணமான சகோதரி ஒருவருடைய சாட்சியைப் போனில் போட்டுக் கேட்கவைத்தார். எல்லோரும் கடைசியில், “இனி எதுக்கு வேலை, வீட்டுல இருந்து ரெஸ்ட் எடுக்கட்டும்” என்று முடித்தார்கள். ஒருவர் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னார். அவர் இருப்பதே தெரியாமல் அவள் என்னிடம், “ஏங்க, இந்தக் குரல் எங்கிருந்து வருது, டிவியா?” என்றாள். பாவம், அவருக்கு முகம் செத்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

வேலையை விட அவளுக்கு மனமில்லை. முனையத்தின் மேலாளர் நல்ல மனிதர். போன் செய்து, வசதிப்படும்போது வாருங்கள், பழைய கப்பல் ஒன்றைத் தருகிறோம், எல்லார் முன்னாலும் ஒரு பிளான் போட்டுக் காட்டுங்கள், சரியாக வந்தால் பழைய நாற்காலி, இல்லாவிட்டால் கேட் பக்கம் ஆவணப் பிரிவில் இடம் இருக்கிறது, சம்பளம் குறையாது என்றார். கேட்கிறவர்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். போனை வைத்ததும் அவள் அழுதாள். “கேட்டுல உக்காந்து பெட்டிப் பூட்டுல சீல் நம்பர் பாக்கவா நான் இவ்வளவு படிச்சேன்?” என்றாள். அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

அப்போதுதான் என் உப்பளம் களத்தில் இறங்கியது. என் பழைய லேப்டாப்பை அவளுக்குக் கொடுத்து, பெரிய மானிட்டரை அதனோடு இணைத்தேன். மற்றக் கம்ப்யூட்டர்களில் விண்டோக்கள் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்ளும். அவளால் தேட முடியாது. என்னுடையதில் எதுவும் ஒளியாது. மானிட்டரை லேப்டாப்புக்கு வலது பக்கம் வைத்தேன். எந்தத் திரை எதற்கு எந்தப் பக்கம் என்று, ஏற்பாடுகளை எழுதி வைக்கிற கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி உண்டு. அதை ‘ரைட் ஆஃப்’, அதாவது வலப்பக்கம், என்று மாற்றினேன். மெயில் வலது ஓரம். கப்பல் படம் வலது. எச்சரிக்கை ஏதாவது வந்தால் அதுவும் வலது மேல் மூலை. லேப்டாப் திரையில் ஒன்றும் வராது, கறுப்பாகக் கிடக்கும். அவள் உலகம் எங்கே இருக்கிறதோ அங்கேயே எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன்.

பிரமாதமாக வேலை செய்தது. அவள் மெயில் படித்தாள், பதில் போட்டாள், பழைய வேகம் திரும்பியதுபோல் இருந்தது. நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். மருத்துவம் படிக்காமல் போனோமே என்றுகூட ஒரு சாயங்காலம் நினைத்துக்கொண்டேன்.

அவளோடு வேலை பார்க்கும் பிளானர் ஒருவர், அவளைவிடக் கொஞ்சம் இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். பழைய கப்பல் ஒன்றின் படத்தையும் ஏற்ற வேண்டிய பெட்டிகளின் விவரத்தையும் அனுப்பி, போட்டுப் பாருங்கள், வந்து பார்க்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தார். அவள் பிளான் போட்டு முடித்திருந்தாள். ஆனால் கடுகடுவென்று இருந்தாள்.

“இந்தக் கப்பல்ல இவ்வளவு பெட்டி கொள்ளாது. பாதி மிச்சம் கெடக்கு. ஒங்க ஆளுவ கணக்கத் தப்பா அனுப்பியிருக்காங்க.”

அவர் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தப் படம் படிக்கத் தெரியாது. அவர் முகம்தான் தெரிந்தது.

“அக்கா,” என்றார் மெதுவாக. “ரெட்டப்படை பூரா காலியா கெடக்கே.”

பிறகுதான் எனக்கு விளக்கினார். கப்பலைப் பின்னாலிருந்து பார்ப்பதுபோல் குறுக்காக வெட்டிப் படம் போடுவார்கள். நடுவிலிருந்து வலப்பக்கம் போகிற வரிசைகளுக்கு ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை எண். இடப்பக்கம் போகிறவற்றுக்கு இரண்டு, நான்கு, ஆறு. எல்லாத் துறைமுகத்திலும் இதுதான் வழக்கம். அவள் ஒற்றைப்படை முழுவதையும் அழகாக, எடை பார்த்து, இறங்குமிடம் பார்த்து, ஒரு பிழையில்லாமல் நிரப்பியிருந்தாள். இடப்பாதிக்கு ஒரு பெட்டிகூடப் போகவில்லை. நிஜக் கப்பலாயிருந்தால் கம்ப்யூட்டரே அலறியிருக்கும், கப்பல் அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். ஆபத்து ஒன்றும் நேர்ந்திருக்காது. ஆனால் எந்த முனையத்திலும் இப்படிப் பிளான் போடுகிற ஆளை நாற்காலியில் உட்காரவைக்க மாட்டார்கள்.

நான் மானிட்டரை வலது பக்கம் கொண்டுபோய் வைத்ததால், படத்துக்குள்ளே இருக்கிற இடது பக்கம் வலதாகிவிடவில்லை. படத்துக்கும் இடது உண்டு, படத்துக்குள் இருக்கிற ஒவ்வொரு கட்டத்துக்கும் இடது உண்டு. எத்தனை தூரம் தள்ளினாலும் அது கூடவே வரும். இது எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று இன்றும் ஆத்திரமாக வருகிறது.

அவள் அழவில்லை. விரல்விட்டு எண்ணினாள். “ஒண்ணு இருந்தா ரெண்டு இருக்கணும்லா,” என்றாள். “மூணு இருந்தா நாலு இருக்கணும். எங்க?” தலையைத் திருப்பினாள். திருப்பியது போதவில்லை. இன்னும் திருப்பினாள். கழுத்து நரம்பு புடைத்தது. “அங்கன இருக்கு,” என்றாள். எண் அவளைக் கைப்பிடித்து அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனது. மனசு மறந்த பக்கத்தை, படித்த பாடம் மறக்கவில்லை.

அன்று முதல் எங்கள் வீட்டில் இடது பக்கத்துக்கு ரெட்டப்படை என்று பேர் வந்துவிட்டது. தட்டில் சோறு தீர்ந்ததும், “ரெட்டப்படை பாத்தாச்சா?” என்று தன்னையே கேட்டுக்கொண்டு தலையைத் திருப்புவாள். சாலையைக் கடக்கும்போது, “ஏங்க, ரெட்டப்படையில லாரி வருதா?” என்பாள். காய் வாங்குகிற இடத்தில் இதைக் கேட்டு ஒரு அம்மாள் எங்களை ஒருமாதிரியாகப் பார்த்துக்கொண்டு போனார்.

அன்று அந்தப் பிளானர் நண்பர் போன பிறகு அவள் சொன்னாள்: “மானிட்டரத் தூக்கி ரெட்டப்படையில வைங்க.”

“ஏளா, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? அங்க வச்சா ஒனக்கு ஒண்ணுமே தெரியாது.”

“தெரியாதுன்னுதான் சொல்லுதேன். தெரியாத எடத்துல வச்சாத்தான தேடுவேன்.”

“இப்பத்தான் மெயிலாவது ஒழுங்காப் பாக்குத. அதுவும் போயிரும்.”

“மெயில் பாக்கதுக்கா சம்பளம் தாராங்க?”

நான் கத்தினேன். அவளுக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்ததையெல்லாம் ஒரு வார்த்தையில் தூக்கி எறிகிறாள் என்று கத்தினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “முடிஞ்சுதா? சவத்தத் தூக்கி அங்கன வைங்க” என்றாள். பயிற்சி கொடுக்கிற பெண்ணும் முதல் நாளிலிருந்தே இதைத்தான் சொல்லி வந்தார்: இடப்பக்கம் நின்று பேசுங்கள், தண்ணீரை இடப்பக்கம் வையுங்கள் என்று. அவ்வளவு கல்நெஞ்சு எனக்கு இல்லை என்று நினைத்திருந்தேன். நினைத்துப் பார்த்தால், அவள் திணறுவதைப் பார்க்கிற தெம்புதான் எனக்கு இல்லை.

தூக்கி வைத்தேன். ‘ரைட் ஆஃப்’ ‘லெஃப்ட் ஆஃப்’ ஆனது. ஒரு சொல்தான். மானிட்டரே பிரதானத் திரை. கப்பல் படம் அங்கேதான் திறக்கும். அதன் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை தடிமனான சிவப்புப் பட்டை ஒன்று போட்டேன். சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. எந்த விண்டோவில் வேலை நடக்கிறதோ அதற்கும் சிவப்பு விளிம்பு. லேப்டாப் வலது பக்கம், அதில் பெட்டிகளின் விவரம் மட்டும்.

முதல் வாரம் கொடுமை. பெட்டிகளை இழுத்து வைக்க மட்டும் மவுஸ் வேண்டும்; அதன் அம்பு இடப்பக்கம் போய்விட்டால் அவளுக்கு அது செத்த மாதிரி. படத்தைத் திறந்துவிட்டு, திறக்கவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி திறப்பாள். என் உப்பளம் சும்மா இருக்குமா? ஒவ்வொரு தடவையும் திரையைப் பாதியாக்கிக்கொண்டே போகும். கடைசியில் ஒரே படம் பன்னிரண்டு துண்டாக அவளுக்குத் தெரியாத பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும். நான் சமையல் கட்டில் போய் நின்றுகொள்வேன். பக்கத்தில் இருந்தால் கை நீட்டிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

பிறகு மெல்ல மெல்ல வந்தது. இரட்டைப்படை நிரம்பத் தொடங்கியது. முதலில் இரண்டும் நான்கும். ஓரத்தில் இருக்கிற எட்டும் பத்தும் ரொம்ப நாள் காலியாகவே கிடந்தன. அப்புறம் அவையும். சில நாள் பிளான் முழுவதும் சரியாக இருக்கும், சில நாள் பாதி. இந்தச் சமயத்தில்தான் கேபிள் தொந்தரவு ஆரம்பித்தது.

மானிட்டர் அணைந்து அணைந்து போயிற்று. நான் அறைக்குள் வரும்போது பெரிய திரை இருட்டாக இருக்கும், எல்லா விண்டோக்களும் லேப்டாப்புக்கு வந்திருக்கும். கேபிளைத் தொட்டுப் பார்த்தால் லேசாக வெளியே வந்திருக்கும். நான் எழுதி வைத்த பெருமைமிக்க ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது: இணைப்பு போனதும் எல்லாவற்றையும் பத்திரமாக லேப்டாப்பில் இறக்கிவிட்டது. கேபிள்தான் சரியில்லை என்று புதிதாக வாங்கினேன். அதுவும் இப்படியே. கடைக்குப் போய், “அண்ணாச்சி, மனுசன ஏமாத்துறதுக்கும் ஒரு அளவு வேணும்” என்று சத்தம் போட்டேன். அவர் என் கண் முன்னாலேயே அந்தக் கேபிளைக் கடை டிவியில் மாட்டிக் காட்டினார். படம் தெளிவாக ஓடியது. “வீட்டுல எலி கிலி இருக்கா பாருங்க” என்றார். முறைத்துவிட்டு இன்னொன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தப் புதுக் கேபிளைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்: “அத வாங்காதீங்க இனி. நான்தான் உருவுதேன்.”

எனக்குப் புரியவில்லை. கேபிள் செருகுகிற துளை லேப்டாப்பின் வலது பக்கத்தில் இருந்தது. கை நீட்டினால் எட்டும். ஒரு நாள் தற்செயலாகக் கை பட்டு உருவியிருக்கிறது. உடனே படம், மெயில், எல்லாம் ஓடி வந்து அவளுக்குத் தெரிகிற பக்கம் நின்றிருக்கின்றன. அதற்குப் பிறகு களைத்துப்போகிற போதெல்லாம் அவளே உருவியிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், அண்ணாச்சி கடையில் போட்ட சத்தத்துக்காகவாவது. வரவில்லை.

“அங்கன போறதுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாது,” என்றாள். “ஒரு எடத்துல ஒண்ணுமே இல்லன்னு மனசு சத்தியம் பண்ணுது. இல்ல, இருக்குன்னு சொல்லிச் சொல்லி நான் போணும். ஒரு நாளைக்கு எத்தன தடவ போவேன்? கேபிளத் தொட்டா அதுவே வந்துருது. தொடாம எப்படி இருக்க?”

“செரி, தொட்டுக்கோ. ரெஸ்ட் வேணும்லா.”

“வேணாம். முனையத்துல உருவ முடியுமா? அங்க எவன் எனக்குக் கேபிள் உருவ விடுவான்?” புதுக் கேபிளை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள். “உருவினாலும் வராத மாதிரி பண்ணிருங்க.”

பல வருஷமாகச் செதுக்கி வைத்த ஏற்பாடு அது. செருகினால் போ, உருவினால் வா. வீட்டுக்கு வருகிற ஒருவர் விடாமல் காட்டிய வித்தை. அன்று சாயங்காலம் உட்கார்ந்து அதை வரி வரியாக எடுத்தேன். எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்றால், கேபிளை உருவினாலும் கம்ப்யூட்டருக்கு அது உறைக்காது. மானிட்டர் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டு எல்லா விண்டோக்களையும் அந்த இருட்டுத் திரையிலேயே விட்டு வைக்கும். நாங்கள் கம்ப்யூட்டர்காரர்கள் இதைக் குறை என்போம். இதைச் சரி செய்யத்தான் மற்றவர்கள் மாய்ந்து மாய்ந்து எழுதுகிறார்கள். நான் உட்கார்ந்து அந்தக் குறையை உண்டாக்கினேன். அவசரத்துக்கு எல்லாவற்றையும் லேப்டாப்புக்குக் கூப்பிட ஒரு ஷார்ட்கட் வைக்கட்டுமா என்று கேட்டேன். “அதுவும் வேணாம். வச்சா அமுக்குவேன்” என்றாள்.

மறுநாள் உருவிப் பார்த்திருக்கிறாள். நான் அடுத்த அறையில் இருந்தேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு நாற்காலி நகர்கிற சத்தம். எட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் முழுக்கத் திரும்பி, இருட்டாகக் கிடந்த மானிட்டரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு, கேபிளை எடுத்துத் திரும்பச் செருகினாள். வேலையைத் தொடர்ந்தாள். நான் உள்ளே போகவில்லை. அவள் என்னைக் கூப்பிடாததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. மனுஷ மனசு அப்படித்தான்.

மேலாளரோடு பேசி வைத்த நாளில் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். துறைமுகக் கேட்டுக்குள் பாஸ் இல்லாமல் போக முடியாது. வெளியே டீக்கடையில், வரிசையில் நிற்கிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீ மேல் டீயாகக் குடித்தேன். மத்தியானம் கடந்து வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்தாள். உப்பாற்றுப் பாலம் தாண்டினோம்.

“ரெண்டு மானிட்டர் வச்சிருந்தாங்க,” என்றாள் அப்புறம். “சார் நல்ல மனசுல, ‘உங்களுக்கு வசதியா எல்லாத்தையும் வலது பக்கம் வச்சுத் தரச் சொல்லட்டுமா?’ன்னு கேட்டாரு. இருக்க எடத்துலயே இருக்கட்டும் சார்னு சொல்லிட்டேன்.”

“பொறவு?”

“பொறவு என்ன, போட்டேன். முன்னால போடுறத விட ரெண்டு மடங்கு நேரம் ஆச்சு. எல்லாரும் கடிகாரத்தப் பாக்காத மாதிரி பாத்தாங்க.”

“பிளான்?”

“ஒத்தப்படையும் நெறஞ்சுது, ரெட்டப்படையும் நெறஞ்சுது. ஒரே ஒரு கனப் பெட்டி மேல ஏறிட்டு. அது யாருக்கும் வாரதுதான்.” பிறகு என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “எனக்கு அவ்வளவு பயமா இருந்துச்சு, தெரியுமா” என்றாள்.

கொஞ்ச நாளைக்குப் பகல் வேலை மட்டும், அவள் போடுகிற பிளானை அந்த நண்பர் ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு நாற்காலி கிடைத்தது. நிபந்தனையைக் கேட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அன்றிரவு மீன் குழம்பு வைத்தாள். உப்பு தூக்கலாக இருந்தது, நான் சொல்லவில்லை.

அவள் பிளான் போட்ட முதல் கப்பல் கிளம்பிய சாயங்காலம், அவளைக் கூட்டிப் போக நான் முன்னதாகவே வந்துவிட்டேன். துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடற்கரையில் நின்றிருந்தேன். போன் வந்தது.

“நம்ம கப்பல் வெளிய வருது. தெரியுதா?”

அலைத்தடுப்புச் சுவருக்கு அப்பால் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. நீலமும் சிவப்புமாகப் பெட்டிகள். இந்த ஊரில் கப்பல் போவதை யாரும் நின்று பார்ப்பதில்லை, தினம் போகிறது. அவளுடைய பிளானை நண்பர் பார்த்தார், கம்ப்யூட்டர் பார்த்தது, கப்பல் அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்டார், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கழுத்தை அப்படியும் இப்படியும் சாய்த்து, கடல் கோட்டோடு வைத்துப் பார்த்தேன்.

“தெரியுது.”

“எப்படிப் போவுது?”

“நேராத்தான் போவுது.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ரெட்டப்படை?”

இன்னொரு முறை கழுத்தைச் சாய்த்துப் பார்த்தேன். “ரெட்டப்படையும் நேராத்தான் இருக்கு,” என்றேன்.

மறுமுனையில் ஒரு மூச்சு கேட்டது. பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். “அடுத்த கப்பலுக்கு விவரம் வந்துட்டு, வைக்கேன். கேட்டுக்கு வெளிய நில்லுங்க, வர லேட்டாகும்” என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் அழுதேன். பக்கத்தில் சுண்டல் விற்றவர் ஏன் என்று கேட்டார். மனைவி வேலைக்குப் போய்விட்டாள் என்றேன். அவர் ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்தார்.